அவசரப் பழுது: நாம் கை வைக்கக்கூடியது எது, ஆளை அழைக்க வேண்டியது எது?



மளிகைக் கடைக்காரருக்கு வீடு வேறு, கடை வேறு என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, மாடியில் குடும்பம் என்பதே நம்மில் பெரும்பாலோரின் நிலை. மாடியில் குழாய் உடைந்தால் கீழே சர்க்கரை மூட்டை நனைகிறது. கீழே ஒயர் புகைந்தால் மாடியில் தூங்குகிற பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது. ஆகவே மற்றவர்களுக்கு வீட்டுப் பழுது என்பது வசதிக் குறைவு. நமக்கோ அது குடும்பம், சரக்கு, முதல் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தொடுகிற காரியம்.

வணிகர்களாகிய நம்மிடம் ஒரு குணம் உண்டு. எட்டணா மிச்சம் பிடித்தே முன்னுக்கு வந்தவர்கள் நாம். "இதற்கு எதற்கு ஆள்? நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுகிறோம். அல்லது, "டேய் தம்பி, நீ ஏறிப் பார்" என்று கடைப் பையனை ஏற்றிவிடுகிறோம். சில வேலைகளுக்கு இந்தச் சிக்கனம் சரி. சில வேலைகளில் இதுவே உயிருக்கு உலை வைக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிறுத்து, பிறகு யோசி

எந்தப் பழுதானாலும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம், சேதம் மேலும் பரவாமல் நிறுத்துவது. இரண்டாவது கட்டம், பழுதைச் சரி செய்வது. முதல் கட்டம் எப்போதும் நம் பொறுப்பு. மெயின் சுவிட்சை இறக்குவது, தண்ணீர் வால்வை மூடுவது, காஸ் ரெகுலேட்டரை அடைப்பது, ஆட்களை வெளியேற்றுவது ஆகியவற்றுக்கு எந்த மெக்கானிக்கும் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. இரண்டாவது கட்டத்தில்தான் "நாமா, ஆளா?" என்ற கேள்வி வருகிறது.

அதற்கு விடை காண மூன்று கேள்விகள் போதும். தவறினால் உயிர் போகுமா? பழுது எங்கே என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? தொடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? உயிருக்கு ஆபத்தில்லை, பழுது தெரிகிறது, சட்டத் தடையும் இல்லை என்றால் நாமே செய்யலாம். மூன்றில் ஒன்று இடித்தாலும் கையைக் கட்டிக்கொண்டு ஆளை அழைப்பதே புத்திசாலித்தனம்.

மின்சாரம்

கடைக்கு மின் இணைப்பு வரும் இடத்தில் மீட்டரும் அதற்கு முன் வாரியத்தின் ப்யூஸும் இருக்கின்றன. அதுவரை உள்ளவை மின் வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி மெயின் சுவிட்ச் முதல் நம் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை ஒவ்வொரு வணிகரும் அறிந்திருக்க வேண்டும். மீட்டரின் சீலை உடைப்பது மின்சாரச் சட்டம் 2003-ன் 138-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நல்லெண்ணத்தோடு திறந்தாலும் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க வேண்டியது நாம்தான்.

எம்.சி.பி. விழுந்துவிட்டது, அல்லது ப்யூஸ் போய்விட்டது. இது அடிக்கடி நடப்பது. அந்த லைனில் உள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, எம்.சி.பி.யை மேலே ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எதைப் போட்டதும் மறுபடி விழுகிறதோ, பழுது அங்கே இருக்கிறது. அதை மட்டும் விலக்கி வைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே எம்.சி.பி. விழுகிறது என்றால் பழுது சுவருக்குள் ஓடும் ஒயரில் இருக்கலாம். அதற்கு மேல் முயற்சி செய்ய வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதும், கையால் அழுத்திப் பிடிப்பதும், பழுதான இடத்தை மேலும் சூடேற்றும் வேலைகள்.

பழைய ப்யூஸ் கேரியர் உள்ள கடைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று ஒயரிலிருந்து நாலு செம்பு இழையை உருவி முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ப்யூஸ் போவதில்லை, உண்மைதான். ஆனால் ப்யூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியத் தயாராகிறது. ப்யூஸ் என்பது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பலவீனமான கண்ணி. அதைப் பலப்படுத்தினால் வேறோர் இடம் அறுந்துபோகும். அந்த இடம் தீப்பெட்டிப் பண்டலும் கற்பூர டப்பாவும் அடுக்கிய மூலையாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ப்யூஸ் அடிக்கடி போவதற்குக் காரணம், பழைய ஒயரிங்கின் மேல் புதிதாக டீப் ஃப்ரீஸர், ஏ.சி. என்று சுமையை ஏற்றிக்கொண்டே போவதுதான். அதற்கு மருந்து, புது லைன் இழுப்பது.

அடுத்தது நியூட்ரல் அறுதல். இதைப் பலர் அறிவதில்லை. திடீரென்று சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி பிரகாசமாகும்; சில மங்கும்; மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றும். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏற வாய்ப்புண்டு. ஃப்ரிட்ஜ், எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் சில நொடிகளில் கருகிவிடும். இந்த அறிகுறியைக் கண்டதும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக் கொண்டிருக்க வேண்டாம். நேரே மெயினை இறக்குங்கள். பக்கத்துக் கடையிலும் அப்படியே என்றால் வாரியத்துக்குச் சொல்லுங்கள். நம் கடையில் மட்டும் என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுது மீட்டருக்கு முன்பக்கம் என்று அவர் சொன்னால் வாரியத்திடம் போங்கள்.

கடையைத் திறக்கும்போது ஷட்டரைத் தொட்டதும் சுரீர் என்கிறதா? ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறதா? "லேசாகத்தானே அடிக்கிறது" என்று ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்வது பெரும் தவறு. செருப்பில்லாமல், மழையில் நனைந்த காலோடு வரும் வாடிக்கையாளருக்கு அதே மின்சாரம் லேசாக அடிப்பதில்லை. பெயர்ப் பலகை விளக்குக்குப் போகும் ஒயர் ஷட்டரின் மேல் உரசித் தோல் உரிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மெயினை இறக்கிவிட்டு, எர்த்தையும் ஒயரையும் சோதிக்க அன்றைக்கே ஆளை அழையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினுக்கு அடுத்துப் பொருத்திவிட்டால், மின்கசிவு ஏற்பட்ட நொடியிலேயே அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் பதறிப்போய் அவரைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயின். அது முடியாதபோது காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் ஸ்டூலாலோ ஒயரிலிருந்து விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நினைவும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் ஆம்புலன்ஸ் வரும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்தால் அருகில் போகவோ குச்சியால் தள்ளவோ கூடாது. தூரத்தில் நின்று மற்றவர்களைத் தடுத்து நிறுத்துவதே நம் வேலை. தமிழ்நாட்டில் 2021 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட "மின்னகம்" சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் இரவு பகலாக அழைக்கலாம்.

எரிவாயு

மாடி வீட்டுச் சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டர் இருக்கிறது. பலகாரமும் போட்டு விற்பவர்களிடம் 19 கிலோ வணிக சிலிண்டர் இருக்கிறது. 5 கிலோ சிறு சிலிண்டரை வாங்கி விற்கும் மளிகைக் கடைகளும் இன்று உண்டு. எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடம் தேடிப் போகும். மாடியில் கசிந்தால் படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழே கிடங்கில் தேங்கும். காலையில் கிடங்கைத் திறந்ததும் நாற்றம் வருகிறதென்றால், கை பழக்கத்தில் லைட் சுவிட்சைத் தேடும். அந்த ஒரு பொறி போதும்.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது: எரிகின்ற அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்துங்கள். கதவு, ஜன்னல் அனைத்தையும் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். எந்த மின் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் பொறி உண்டு. போனில் பேசுவதையும் வெளியே போய்ப் பேசுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே 1906 என்ற அவசர எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. தீப்பிடித்துவிட்டால் 101.

இதில் நாமே செய்யக்கூடியது மிகக் குறைவு. சிலிண்டர் வந்ததும் மூடியைத் திறந்து உள்ளே ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இணைத்த பிறகு சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று சோதிக்கலாம். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஒழித்தே தீர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். இதற்கு மேல் வால்வு, ரெகுலேட்டர் எதிலும் கை வைக்கக் கூடாது. வால்வில் குச்சியை விட்டு அழுத்துவது, சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்

இங்கேதான் நம் கைக்கு வேலை அதிகம். குழாய் உடைந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். பிறகு மேல்நிலைத் தொட்டியின் கேட் வால்வை மூடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கும் கடைப் பையன்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் திருகாமல் இறுகிப்போன வால்வு அவசரத்தில் உதவாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருகிப் பார்த்து வைப்பது நல்லது.

பி.வி.சி. குழாயில் சிறு வெடிப்பென்றால், பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் இறுக்கினால் மறுநாள் வரை தாங்கும். இணைப்பில் சொட்டினால் குழாயைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டலாம். எம்-சீல் வைப்பதென்றால் முதலில் தண்ணீரை நிறுத்தி, இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு வைக்க வேண்டும், ஈரத்தில் ஒட்டாது. பைப்புக்குள் வாஷர் மாற்றுவது, தொட்டியின் மிதவை வால்வு மாற்றுவது எல்லாம் ஒருமுறை பார்த்தால் யாருக்கும் கைவரும்.

சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்து சுவர் ஊறுகிறதென்றால் அது பிளம்பர் வேலை. அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டும் இருந்தால், பிளம்பரைக் கூப்பிடுமுன் அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் காற்று அடைத்திருக்கலாம். அல்லது ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மோட்டார் சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகினால் உடனே நிறுத்துங்கள். கெப்பாசிட்டர் போயிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் அதைத் தொடுவது மெக்கானிக்கின் வேலை.

கூரையும் சுவரும்

மழை பெய்யும்போது கூரையைச் சரி செய்ய முடியாது. சரக்கை நகர்த்தலாம், தார்ப்பாய் போடலாம், ஒழுகும் இடத்தில் வாளி வைக்கலாம். அவ்வளவுதான். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அரை அடி தள்ளி அடுக்கியிருந்தாலே பாதிச் சேதம் குறையும்.

நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையைப் பற்றி. கிடங்குகளில் பெரும்பாலும் இந்தக் கூரைதான். வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய ஷீட் பார்க்கத்தான் கெட்டி. ஆள் கால் வைத்தால் அப்படியே உடைந்து கீழே கொட்டும். "ஒரு ஓட்டைதானே, ஏறித் தார் பூசிவிட்டு வா" என்று கடைப் பையனை அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை தன் ஊரையும் தாய் தகப்பனையும் விட்டு நம்மை நம்பி வந்திருக்கிறான். "முதலாளி சொன்னார்" என்பதற்காக ஏறுவான். மறுத்துப் பேச மாட்டான். அவன் விழுந்தால் எந்தக் கணக்கில் எழுதி ஈடு கட்டுவது? தெரிந்த ஆளை வைத்து, ஷீட்டுக்கு அடியில் உள்ள சட்டத்தின் மேல் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கான்கிரீட் கூரையில் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். பூச்சுக்குள் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். விரிசல் நாளுக்கு நாள் அகலமானால், கதவும் ஷட்டரும் திடீரென்று இறுகினால், கூரையிலிருந்து பொடி உதிர்ந்தால், அந்த அறையிலிருந்து முதலில் ஆட்களை, பிறகு மேல்மாடியில் ஏற்றிய பாரத்தைக் குறையுங்கள். கொத்தனார் சொல்வது போதாது. சிவில் என்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ், ஷட்டர், தராசு

மின்சாரம் போனால் ஃப்ரீஸரைத் திறக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். எத்தனை முறை திறந்து பார்க்கிறோமோ அத்தனை முறை குளிர் வெளியேறுகிறது. மின்சாரம் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்து சுவிட்சைப் போடுங்கள், கம்ப்ரஸர் பிழைக்கும். உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமை விற்பது, மிச்சம் என்று நினைத்து நல்ல பெயரை விற்பதாகும். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்-600ஏ என்ற காஸ் நிரப்பப்படுகிறது. அது தீப்பற்றக்கூடியது. உள்ளே உறைந்த பனியைக் கத்தியால் குத்தி எடுப்பது முன்பு செலவு; இன்று ஆபத்தும்கூட.

இரவு பத்து மணிக்கு ஷட்டர் பாதியில் நின்றுவிட்டால் பக்கவாட்டுக் காடியில் கல், ஆணி சிக்கியிருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம், எண்ணெய் விடலாம். மேலே உருளையில் உள்ள ஸ்பிரிங்கை மட்டும் தொடக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கை எலும்பை முறிக்கும் வேகம் அதற்கு உண்டு. இரவுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் கல்லாப் பணத்தை எடுத்துவிட்டு ஓர் ஆளைக் காவலுக்கு வைப்பது மேல்.

எலக்ட்ரானிக் தராசு தவறாகக் காட்டினால் முதலில் மட்டமான இடத்தில் வைத்து, தட்டின் அடியில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா, பேட்டரி இறங்கிவிட்டதா என்று பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட சீலை நாமோ, தெரிந்த ரேடியோ மெக்கானிக்கோ திறக்கக் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன் கீழ் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே திறக்க வேண்டும். பழுது நீக்கிய பின் மறுமுத்திரை பெற வேண்டும். அதுவரை அந்தத் தராசு கவுண்டரில் இருக்கக் கூடாது.

இறங்கக் கூடாத இடங்கள்

கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் நாற்றம் தாங்காமல் யாரையாவது உள்ளே இறக்கிவிடுகிறார்கள். இது குற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான முறையில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. இத்தகைய இறப்புக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சட்டத்தைவிடப் பெரியது உயிர். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சுகளிலேயே ஆளை மயக்கிவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். பல நாள் மூடிக் கிடந்த தரைத்தொட்டியிலும் கிணற்றிலும் பிராணவாயு குறைந்திருக்கும் என்பதை மறந்துவிடலாகாது. உள்ளாட்சியில் பதிவு பெற்ற கழிவுநீர் ஊர்தியை அழைப்பது ஒன்றே வழி.

அதே வரிசையில் வைக்க வேண்டியது, கிடங்கில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதுமே அதிலிருந்து விஷவாயு வெளியாகும். மாடியில் குடும்பம் உறங்கும்போது கீழே இதை வைப்பதைக் கனவிலும் நினைக்கக் கூடாது. அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினரே இதைக் கையாள வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையும், அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களும் கண்ட வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்ததும் கடையைத் திறக்க வேண்டுமென்ற தவிப்பில் நாம் செய்யும் முதல் தவறு மெயினைப் போடுவது. சுவிட்ச் பெட்டிக்குள் ஈரமும் சேறும் இருக்கும். எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே மின்சாரம். தண்ணீரில் மூழ்கிய ஃப்ரிட்ஜ், மோட்டார், மாவு மெஷின் ஆகியவை வெயிலில் ஒருநாள் காய்ந்தால் போதாது. பிரித்துக் காயவைத்துச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

இரண்டாவது தவறு, நனைந்த சரக்கை உடனே அள்ளிக் குப்பையில் போடுவது. காப்பீடு இருந்தால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். சர்வேயர் வரும் வரை தனியாக வையுங்கள். 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள தொழில்களுக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பொதுவான பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, வெள்ளம், தண்ணீர்த் தொட்டி மற்றும் குழாய் வெடிப்பு ஆகியவை அதில் அடங்கும். ஆனால் மின்கோளாறால் கருகிய அந்தக் கருவிக்கே இழப்பீடு கிடைப்பதில்லை. அதனால் பரவிய தீயின் சேதத்துக்குக் கிடைக்கும். இந்த வேறுபாட்டை ஏஜெண்டிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சரக்கு இருப்புக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்கே இழப்பீடு சுலபமாகிறது.

ஆளைத் தேடும் நேரம்

இரவு பத்து மணிக்குத் தண்ணீர் கொட்டும்போது நல்ல பிளம்பரைத் தேட முடியாது. அப்போது கிடைப்பவர்தான் வருவார், கேட்பதுதான் கூலி. சரக்கு கொள்முதலில் நான்கு மண்டி விசாரிக்கும் நாம், இந்த விஷயத்தில் மட்டும் விசாரிக்காமல் விடுகிறோம். பழுது இல்லாத நாளில் ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுகிறாரா, வேலை முடிந்ததும் சோதித்துக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். மின்வேலைக்கு அரசின் மின் கம்பியாள் தகுதிச் சான்று பெற்றவரையும், புது ஒயரிங்குக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரையும் அமர்த்துங்கள். வேலை தொடங்குமுன் கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், ரசீது வாங்குங்கள்.

இரவில் வருபவருக்குக் கூலி கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. நாமும் கடை மூடிய பிறகு கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தவர்கள்தான். அந்த நேரத்தின் மதிப்பு நமக்குத் தெரியும். கூலியைப் பேரம் பேசிக் குறைத்தே பழகினால், அடுத்த முறை நம் போனை அவர் எடுக்க மாட்டார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி எலக்ட்ரீஷியனையும் கூரை ஆளையும் அழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்வதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை சர்க்கரை நனைவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடையில் இருக்க வேண்டியவை

டார்ச் விளக்கு, டெஸ்டர், கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்பேனர், டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, எம்-சீல், தார்ப்பாய், ரப்பர் கையுறை. இவ்வளவும் ஒரு பழைய பிஸ்கட் டின்னிலும் அதன் பக்கத்திலும் அடங்கிவிடும். இத்துடன் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று. அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். மின்தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைக் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கல்லாவுக்கு மேலே காலண்டர் தொங்கும் இடத்தில் ஓர் அட்டை தொங்கட்டும். தீ 101, ஆம்புலன்ஸ் 108, எந்த அவசரத்துக்கும் 112, காஸ் கசிவு 1906, மின்னகம் 94987 94987. அவற்றின் கீழே நம் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஷட்டர் மெக்கானிக், தராசு பழுதுபார்ப்பவர், காஸ் ஏஜென்சி ஆகியோரின் எண்கள். போனில் பதிந்து வைத்தது போதாது. போன் முதலாளியின் பையில் வெளியூர் போயிருக்கும். அவசரம் கடையில் நடக்கும்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் கடைவீதிக்கென்று நம்பகமான வேலையாட்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்கலாம். ஒரு தெருவின் இருபது கடைகள் சேர்ந்து ஒரு எலக்ட்ரீஷியனை ஆண்டுக்கு இருமுறை சோதனைக்கு அமர்த்தினால் செலவு பகிர்ந்துபோகும். அவசரத்தில் அவர் ஓடியும் வருவார். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.